கிராமத்து மண்ணும் ஸ்டீராய்டு மாத்திரையும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)



சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பற்றியெல்லாம் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். மருத்துவத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

நம்மில் பலர் டில்லி, மும்பை, கொல்கத்தா என்று வந்து 40, 50 வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் பால்யம் கிராமத்தில்தான். கொல்லைப்புறம், வாய்க்கால் கரை, வயல் வரப்பு என்று எங்கு போனாலும் வெறுங்கால். அந்த ஈர மண்ணில் இருக்கக்கூடிய ஒரு புழுவின் பெயர் ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். உலகில் 60 கோடிப் பேரிடம் இது இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

"நாம் மாமிசம் தொடுவதில்லையே, நமக்கேது புழு?" என்று மாமிகள் கேட்கலாம். இது சாப்பாட்டில் வருவதல்ல. பாதத்தின் தோலைத் துளைத்து நுழைந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது.

மற்ற புழுக்கள் பெரும்பாலும் சில வருஷங்களில் மடிந்துவிடும். இதன் குஞ்சுகளோ குடலுக்குள்ளேயே வளர்ந்து, மறுபடி உடம்புக்குள் நுழைகின்றன. அதனால் ஆயுள் முழுக்க இருக்கும். 1942-43இல் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க் கைதிகள் சிலரிடம், அவர்கள் ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இப்புழு காணப்பட்டது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி இதை அடக்கி வைத்திருக்கும் வரை பெரும்பாலும் தொந்தரவு தெரியாது. ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக மாற்று சிகிச்சை என்று ஏதோ ஒன்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ ஆரம்பிக்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைகிறது. புழு கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், மூளை வரை பரவலாம். குடலிலுள்ள பாக்டீரியாவையும் ரத்தத்தில் கொண்டு சேர்க்கும். அந்த நிலைக்குப் போனால் பிழைப்பது கடினம். 2020-21இல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு பரவலாகக் கொடுக்கப்பட்டபோது, நிபுணர்கள் இதைப் பற்றி எச்சரித்தார்கள்.

இவ்வளவு பெரிய ஆபத்துக்குப் பரிகாரம் மிக எளிது. மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும்போது, "சின்ன வயதில் கிராமத்தில் வெறுங்காலோடு நடந்தவன், புழுப் பரிசோதனை தேவையா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நகரத்து டாக்டருக்கு உங்கள் பூர்வீகம் தெரியாது.

இரண்டு, ஒரே ஒரு மலப் பரிசோதனையில் இப்புழு தப்பிவிடும். ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை உண்டு. இயோசினோபில் கூடியிருந்தால் அது ஒரு தடயம். ஆனால் கூடவில்லை என்பதால் புழு இல்லை என்று அர்த்தமில்லை.

மூன்று, வீட்டில் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் ஒரு வேளை அல்பெண்டசோல் இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. 2015இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு அது. அதையும் டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டை யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு விபரீதத்தில் கொண்டுபோய் விடும்.

வெளியூரிலிருக்கும் பெரியவர்களிடமும் இன்றே போனில் இதைச் சொல்லுங்கள். அனைவரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.