மாமாவோட திராட்சைக்கு வயசு 28

இன்னைக்கு எபிசோட் ஒயின் பத்தி. ஆனா யாரையும் குடிக்கச் சொல்லப் போறதில்லை. என் மாமாவுக்கு நான் கொடுத்த ஒரு அட்வைஸ் பத்தித்தான் பேசப் போறேன்.

எனக்குச் சொந்த ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தைத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும், வானம் பார்த்த பூமி. மழை பெஞ்சா மல்லி, பருத்தி. பெய்யலைன்னா சீமைக்கருவேலம். அம்மா பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையோட தண்ணி பாயுற இடம். சின்ன வயசுல லீவுக்குப் போனா, மாமாவோட திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே கிடப்பேன். எங்க ஊர்ல நிழல்னா ஒரு வேப்பமரம், அவ்வளவுதான்.

அது பன்னீர் திராட்சை. உலகத்துல அதுக்குப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே கொண்டு வந்ததாச் சொல்றாங்க. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சது.

மாமாவோட கொடிகள் நான் பிறந்த வருஷம் நட்டது. போன பொங்கலுக்குப் போனப்ப கேட்டாரு: “மாப்ள, காய்ப்பு குறைஞ்சுக்கிட்டே வருது. பிடுங்கிட்டுப் புதுசு வைக்கவா? உன் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்லு.”

எக்செல் ஷீட் போட்டேன். ஏக்கருக்கு எத்தனை கிலோ, கூலி, மருந்து, கமிஷன். பத்து நிமிஷத்துல விடை வந்துருச்சு. “பிடுங்கிருங்க மாமா.”

அப்புறம் இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சேன். சிவப்பு ஒயினோட நிறம் சாறுல இல்லை, தோல்ல இருக்கு. அதனால தோலோட சேர்த்தே நொதிக்க விடுறாங்க. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்துது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தா 1 சதவீத ஆல்கஹால். மேலே மிதந்து வர்ற தோலைத் தினமும் உள்ளே அமுக்கி விடணும். இல்லைன்னா நிறமும் இறங்காது, மேலே காஞ்சு கெட்டும் போகும்.

இதுக்குப் பழைய கொடியைத் தேடிப் போறவங்க நிறைய. காய்ப்பு குறைவு, ஆனா இருக்கிற பழத்துல ருசி அடர்த்தியா இருக்கும், வேர் ஆழமா இருக்கிறதால வறட்சியையும் தாங்கும்னு சொல்றாங்க. ஆஸ்திரேலியாவோட பரோசாவுல 2009-ல் கொடிகளோட வயசுக்கு ஒரு சாசனமே எழுதிட்டாங்க. 35 வயசானா ‘பழைய கொடி’, 125 தாண்டினா ‘மூதாதை’. அந்த வார்த்தையை பாட்டில் லேபிள்லயே போட்டு விக்கலாம்.

நான் குறையா எண்ணிக் கழிச்சதை அங்கே பெருமையா எழுதுறாங்க! உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். “இன்னும் 7 வருஷம் பொறுத்தா உங்க கொடியும் பழைய கொடி மாமா”ன்னேன்.

மாமா சிரிச்சாரு. “பாட்டில்ல அடைக்கிறவனுக்கு அது சரி மாப்ள. எனக்கு யாவாரி கிலோக் கணக்குலதான குடுக்கிறான்?”

உண்மைதான். தமிழ்நாட்டுல மதுவிலக்குச் சட்டம் 1937-ல இருந்தே இருக்கு. லைசென்ஸ் இல்லாம ஒரு குடம் ஒயின்கூடப் போட முடியாது. மாமா ஒயினரி வைக்கப் போற ஆளும் இல்லை.

“ஆனா ஒண்ணு,” அப்படின்னாரு. “உங்க அத்தை வீட்டுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறது இந்தக் கிழட்டுக் கொடிப் பழத்தைத்தான். நீ ருசியைப் பத்திக் கேக்கவே இல்லையே?”

கேக்கலை. என் ஷீட்ல அதுக்கு ஒரு காலமே இல்லை.

மாமா பெரும்பகுதியைப் பிடுங்கிட்டாரு. கடன் இருக்கு, வேற வழியில்லை. பழைய கொடியிலயிருந்தே குச்சி வெட்டிப் புதுசா நட்டிருக்காரு. கிணத்தோரம் ரெண்டு வரிசை மட்டும் அப்படியே நிக்குது. அது எதுக்குன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை. ஏழு வருஷம் கழிச்சு அதைப் பத்தி ஒரு எபிசோட் போடணும்.

உங்க வீட்டுலயும் இப்படி யாராவது கணக்குக் கேட்டிருந்தா, நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.