சிலம்பக் களத்தில் மாணாக்கர் ஒழுக்கம்

(மயிலாடுதுறையை அடுத்த கிராமமொன்றில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினரிடையே செய்த பிரசங்கம்)



பயிருக்குக் கடனும் எருவும் வழங்கும் சங்கத்தில் கம்பு விளையாட்டைப்பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சம்பா அறுவடை முடிந்து, நெல்லை அளந்து, வைக்கோலைப் போரிட்ட பின்னர் நம் களங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. மாலை வேளைகளில் அங்கே சிறுவரும் சிறுமியரும் சிலம்பம் பயில்வது நன்றே. 2024ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. மலேசியாவிலும் தமிழர் இதனைப் பயின்று வருகின்றனர். நம் பிள்ளைகள் இதனை விரும்புவது இயல்பே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கம்பு வெறும் விளையாட்டுச் சாமானன்று. தலையில் விழுந்தால் உயிரையும் வாங்கும். ஆதலின் களத்தில் அனுசரிக்கும் மரியாதை அலங்காரத்திற்காக ஏற்பட்டதன்று, அது காவல். ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு.

முதலாவது, களத்துக்கு வரும் முறை. மாணாக்கன் குறித்த நேரத்துக்கு முன்னரே வந்து, செருப்பை வெளியே விட்டு, மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும். தன் கம்பைத் தானே தடவிப் பார்த்தல் வேண்டும். விரிசல் கண்ட மூங்கில் வீச்சின் நடுவே பிளந்து பக்கத்திலிருப்பவர் கண்ணைக் கெடுக்கும். கம்பைத் தரையில் போட்டு மிதிப்பதும் தாண்டுவதும் கூடாது என்று பெரியோர் சொன்னதில் பக்தியும் உண்டு, புத்தியும் உண்டு. மிதிபட்ட மூங்கிலில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் விழும்.

இரண்டாவது, வணக்கம். பயிற்சி தொடங்குமுன் நிலத்தையும் ஆசானையும் வணங்குவது வழக்கம். ஆசான் எத்தெருவினராயினும் களத்தில் அவரே ஆசான். மிராசுதார் மகனும் விவசாயத் தொழிலாளி மகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே விதமாக வணங்குதல் வேண்டும். இதற்கு மனமில்லாத வீட்டார் பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாதிருப்பதே நலம். வணங்க மனமில்லாதவன், ஆசான் "நிறுத்து" என்று சொல்லும்போது நிறுத்தவும் மாட்டான். அப்பொழுது அடிபடுபவன் பக்கத்திலிருக்கும் குழந்தையே.

மூன்றாவது, இடைவெளி. வளர்ந்தவர் பிடிக்கும் கம்பு நெற்றியளவு, அதாவது ஏறக்குறைய 5½ அடி நீளம். அதனோடு கையின் நீளமும் சேர்ந்தால் வீச்சு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். இருவர் அருகருகே சுழற்றும்போது நடுவே 3 கம்பு நீளம், சுமார் 16 அடியேனும் இருத்தல் நலம். சுழற்றுபவனுக்குப் பின்புறமாக ஒருவரும் செல்லலாகாது. முன்னே வந்து நின்று, அவன் தன்னைக் கண்டு கம்பை நிறுத்தும்வரை பொறுத்தல் வேண்டும்.

நான்காவது, எதிர்த்து விளையாடும்போது நடந்துகொள்ளும் விதம். கம்பின் நுனியிற் சாயம் தோய்த்து, உடம்பிற் பட்ட அடையாளங்களை எண்ணும் முறை ஒன்றுண்டு. சாயமில்லாமல் பயிலும்போதோ, பட்டவன் தானே "பட்டது" என்று ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். நம் சங்கத்தில் தன் பற்றைத் தானே ஒப்புக்கொள்ளும் அங்கத்தினனை நாம் மதிக்கிறோமல்லவா? அந்த நாணயமே இதுவும். இளையவனோடு ஆடும் மூத்தவன் தன் பலத்தை அடக்குவதும், தோற்றவனை நகையாமலிருப்பதும் இதில் அடங்கும்.

ஐந்தாவது விதியே தலையாயது. களத்துக் கம்பு ஊர்ச் சண்டைக்குப் போகலாகாது. வாய்க்காலில் முறைத் தண்ணீருக்காகவும், திருவிழாவில் முன்மரியாதைக்காகவும் நம் கிராமங்களில் வாய்ச்சண்டை மூள்வதை நீங்கள் அறிவீர்கள். அவ்வேளையில் கற்ற கையொன்று கம்பெடுத்தால், ஒரு நாழிகைக் கோபம் பல வருஷத்து வழக்காகிவிடும். நிலமும் நகையும் அடகுக்குப் போகும். அப்படிக் கம்பெடுத்த மாணாக்கன் யார் மகனாயினும் களத்தினின்றும் நீக்கப்படுதல் வேண்டும். இதில் தயவுதாட்சிணியம் கூடாது.

ஆசானுக்கும் கடமையுண்டு. மாணாக்கனைக் கோபத்தால் அடித்தலும், பலர்முன் இழிவாகப் பேசுதலும் அவருக்குத் தகா. பெண் குழந்தைகள் பயிலும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க இடமளித்தல் வேண்டும்.

இனி, சங்கத்தார் செய்யக்கூடியவை சில. சிமெண்டுக் களத்தைவிட மண் தரையே விழுந்தவர்க்குத் தீங்கு குறைவானது. அத்தகைய இடத்தைக் கல்லும் முள்ளும் நீக்கிக் கொடுங்கள். மாணாக்கர் பெயர்ப் பதிவு ஒன்றும், காயத்துக்குக் கட்டும் துணியும் மருந்தும் கொண்ட பெட்டி ஒன்றும் அங்கே இருக்கட்டும். விஜயதசமியன்று வெற்றிலை பாக்குடன் வைக்கும் தட்சிணை அவரவர் விருப்பம்; மாதச் சம்பளத்துக்கோ ரசீது இருக்கட்டும். மேற்சொன்ன ஐந்து விதிகளையும் பலகையில் எழுதிக் களத்தோரம் நாட்டுங்கள். முதலிற் பெற்றோர் படிக்கட்டும். பிறகு பிள்ளைகள் படிப்பார்கள்.

கம்பு சுழற்றக் கற்பதற்குச் சில மாதங்கள் போதும். அதனைத் தக்க சமயத்தில் கீழே வைக்கக் கற்பதற்கே ஆசானும் ஊரும் சேர்ந்து உழைத்தல் வேண்டும்.