கை ராட்டையா, பேட்டரி ராட்டையா?

(தொழில் கடன் மனுதாரர்கள் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வட்டியில்லாக் கடனுக்கு இந்த முறை வந்த மனுக்களில் சில, டவுன்ரிகர் என்ற கருவிக்காக வந்திருக்கின்றன. கேட்பவர்கள் பைபர் படகில் தூண்டில் இழுக்கப் போகும் நம் பிள்ளைகள். வாங்குவது ஒருவர் என்றாலும் கடனை அடைப்பது ஒரு வீடு. அதனால்தான் வீட்டுப் பெண்களையும் சேர்த்து அழைத்தோம்.

படகு ஓடும்போது பின்னால் இழுக்கும் தூண்டில் மேல்நீரிலேயே வரும். சீலாவும் பாரையும் கீழே இறங்கி நின்றால் அது அவற்றின் கண்ணில் படாது. நரம்பிலேயே கனத்த ஈயம் கட்டினால் இறங்கும். ஆனால் மீன் மாட்டியபின் ஈயத்தோடும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். டவுன்ரிகரில் ஈயக்குண்டு தனிக் கம்பியில் இறங்குகிறது. நரம்பை ஒரு கிளிப் அந்தக் கம்பியோடு பிடித்திருக்கும். மீன் இழுத்ததும் கிளிப் விட்டுவிடும், நரம்பில் மீன் மட்டும் இருக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியில் 1966இல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்ட பிறகு அங்கே பரவிய கருவி இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வடக்கே பாக் விரிகுடாவில் மட்டும் தொழில் செய்பவர்களுக்கு இது வேண்டாம். அது ஆழம் குறைந்த கடல். குண்டு தரையைத்தான் உழும். தெற்கே மன்னார் வளைகுடாவில் ஆழத்துக்குப் போகிறவர்களுக்கே பயன். அங்கேயும் 21 தீவுகளை ஒட்டிய பார்ப் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. அதன் பக்கம் குண்டை இறக்கினால் பவளமும் உடையும், வழக்கும் வரும்.

இளைஞர்கள் பேட்டரியில் ஓடுவதைக் கேட்கிறார்கள். அதற்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும், உப்புநீர் படாத ஒயரிங் வேண்டும், கெட்டால் பார்க்க ஆள் வேண்டும். கையால் சுற்றுவதில் கெடுவதற்கு அதிகமில்லை. ஒரு சுற்றுக்கு ஓர் அடி ஏறும் ராட்டை என்றால் 10 பாகத்திலிருந்து ஏற்ற 60 சுற்று. "கை வலிக்குமே காக்கா" என்றார் ஒரு தம்பி. வலிக்கும்தான். வலை இழுத்த கைதானே!

வாங்கும்போது பிரேக்கைப் பாருங்கள். கடையிலேயே நாலு கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பாதியில் கையை எடுத்தால் அப்படியே நிற்க வேண்டும். நழுவினால் கைப்பிடி திருப்பிச் சுழன்று விரலை உடைக்கும். சின்னப் படகுக்கு இரண்டடிக் கை போதும். அடித்தட்டை ஸ்குரூவால் முடுக்காதீர்கள். விளிம்புக்கு அடியில் பலகை கொடுத்து போல்ட் போடுங்கள்.

ஆழம் காட்டும் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். அது விட்ட கம்பியின் நீளத்தைத்தான் சொல்லும். படகு வேகத்தில் கம்பி 30 டிகிரி பின்னால் சாய்ந்தால், 60 அடி விட்டும் குண்டு நிற்பது 52 அடியில்தான்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, குண்டு பாரில் மாட்டிக்கொள்வது. படகு ஓட்டத்தில் இருக்கிறது, கம்பி விறைக்கிறது, விளிம்பு தண்ணீரை நோக்கிச் சாய்கிறது. எஃகுக் கம்பியைக் கத்தி வெட்டாது. ஆகவே கம்பிக்குப் பதில் பின்னல் நரம்பு போடுங்கள், கத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கம்பிதான் என்றால் கட்டர் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. குண்டு போனால் போகட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. செலவு மிச்சம் என்று பழைய ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் புகையும் தூளும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது. சோறாக்கும் அடுப்பில் அந்தச் சட்டியை ஏற்றவே விடாதீர்கள். பிளாஸ்டிக் பூசிய குண்டு கிடைக்கிறது. இரும்புக் குண்டும் ஆகும்; அதே எடைக்கு உருவம் பெரிது, கொஞ்சம் அதிகமாகப் பின்னால் சாயும், அவ்வளவே.

இந்த முறை படகுக்கு ஒன்று, அதுவும் கை ராட்டைக்கு மட்டும் கடன் தருவதாக நிர்வாகத்தில் முடிவு செய்திருக்கிறோம். ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு மனுச் செய்யலாம். மனுவில் படகின் நீளம், எந்தக் கடல், எத்தனை பாகம் என்பதை எழுதி, வீட்டார் ஒருவரின் கையெழுத்தோடு அலுவலகத்தில் கொடுங்கள். கருவியைப் படகில் பொருத்தியதும் சொல்லி அனுப்புங்கள். போல்ட்டை வந்து பார்த்த பிறகே மீதித் தொகை தரப்படும், இன்ஷா அல்லாஹ்.