மெல்லண்ணமும் மழலைப் பேச்சும்

'பாப்பா' என்பதனை 'மாமா' என்று மூக்கால் ஒலித்த என் தங்கை மகனை, மந்தமென்று கடைசி வரிசையில் அமர்த்தினார் ஓர் ஆசிரியர். குறை அறிவிலன்று, மெல்லண்ணத்தில்.

மேல்வாயின் பின்பகுதியாகிய அது உயர்ந்து மூக்குவழியை அடைத்தால்தான் வல்லினம் பிறக்கும். கருவின் மூன்றாம் திங்களுக்குள் அண்ணம் கூடாமற்போவதே பெரும்பாலும் காரணம், கிரகணம் அன்று. அவனுக்குப் பிளவு சவ்வுக்கடியில் மறைந்திருந்தது. இரண்டாகப் பிளந்த உள்நாக்கே காட்டிக்கொடுத்தது. ஆறு வயதில் அறுவை நடந்தது.

வெளிப்படையான பிளவை 18 மாதத்திற்குள் மூடுதல் நலம். பின்னரும் பேச்சுப் பயிற்சி வேண்டும். பலூன் ஊதிப் பயனில்லை, ஒலிகளையே பழக்க வேண்டும். குழந்தை 'பா, பா' என்னும்போது மூக்கின்கீழ்க் கண்ணாடியைப் பிடியுங்கள். ஆவி படர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.