வழிந்து வராத வளர்ச்சி

பணக்காரர்களின் வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும், நாடு வளரும், வளர்ச்சி ஏழையின் குடிசை வரை வழிந்து வரும் என்றார்கள். அமெரிக்காவில் 1980இல் 70 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரியை, அதிபர் ரீகன் 1988இல் 28 சதவீதத்திற்குக் கொண்டுவந்தார். நியூசிலாந்தும் அதே பாதையில் 66ஐ 33 ஆக்கியது.

விளைவு என்ன? பணக்கார நாடுகளின் சொந்த அமைப்பான ஓ.இ.சி.டி. 2014இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஏற்றத்தாழ்வு பெருகியதால், சுமார் 20 ஆண்டுகளில் நியூசிலாந்து இழந்த வளர்ச்சி 10 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல்! (இதைச் சொன்னவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர், கவனியுங்கள்.)

காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஏற்றத்தாழ்வு கூடக்கூட, அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகள் கல்வியில் பின்தங்குகிறார்கள். நாட்டின் உழைப்புத் திறன் குறைகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாதிப்பே இல்லை. ஏழைக்கு உதவித்தொகை மட்டும் போதாது, தரமான கல்வியும் மருத்துவமும் வேண்டும் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.