ஒரே பில் இரண்டு முறை ஏறக்கூடாது



சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் நூல் வியாபாரம் செய்கிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள் பலர் டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபின் வரிக் கணக்கை ஆன்லைனில் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், கம்ப்யூட்டர் இல்லாத ஆபீஸே அபூர்வம். தொழில் கொஞ்சம் பெருகியதும் முதலாளி கேட்பார்: "எந்தப் பார்ட்டி எத்தனை நாளாகப் பாக்கி, 40-ஆம் நம்பர் நூல் எந்த மாசம் அதிகம் போச்சு, இதையெல்லாம் போன்லயே பார்க்க முடியாதுங்களா?"

பார்க்கலாம். டேலியின் டேபுக்கை, அதாவது தினசரிப் பதிவேட்டை, எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, தனி டேட்டாபேஸில் ஏற்ற ஒரு புரோகிராம் எழுத வேண்டும்.

எக்ஸ்எம்எல் 1998-ல் தரமாக அறிவிக்கப்பட்டது. அதில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். பில்லுக்குள் சரக்கு, சரக்குக்குள் அளவும் விலையும். டேட்டாபேஸோ தட்டையான அட்டவணைகளால் ஆனது. 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் முன்வைத்த முறை அது. ஆகவே அடுக்கைப் பிரிக்க வேண்டும். பார்ட்டிக்கு ஓர் அட்டவணை, பில்லுக்கு ஒன்று, சரக்கு வரிசைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு சரக்கு வரிசையிலும் அது எந்தப் பில்லைச் சேர்ந்தது என்ற குறிப்பு இருக்கும்.

இதுவரை சுலபம். ஒரே பில் மறுபடி வந்தால் அதை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதில்தான் சிக்கல். பில் நம்பர் போதாது. ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்தால் பலரும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். டேலி பில் போன்ற ஒவ்வொரு பதிவுக்கும், அதாவது வவுச்சருக்கும், ஜியுஐடி என்ற நீளமான அடையாளத்தைக் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளம் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால் பழைய வரிசைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. உள்ளூர்ப் பார்ட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குப் பருத்தி நூல் விற்றதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீத வரி, மத்திய வரி 2,500, மாநில வரி 2,500 என்று பிரியும். டேலியின் எக்ஸ்எம்எல்லில் பற்றுத் தொகைக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். பார்ட்டி பேரில் கழித்தல் 1,05,000, விற்பனையில் 1,00,000, வரி இரண்டும் சேர்ந்து 5,000. கூட்டினால் பூஜ்யம். பூஜ்யம் வராத வவுச்சரை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளைக் கேளுங்கள். புரோகிராமே திருத்தப் பார்க்கக் கூடாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. டேலி கோப்பில் சில இடங்களில், எக்ஸ்எம்எல் விதிப்படி வரவே கூடாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி வரும். விதியைக் கறாராகப் பார்க்கும் நிரல் அங்கேயே நின்றுவிடும். படிக்கும் முன்பே அதைச் சலித்து எடுத்துவிட வேண்டும்.

ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால்? ஒரு கோப்பை ஒரே பரிவர்த்தனையாக வையுங்கள். முழுதும் ஏறும், இல்லையேல் ஒன்றுமே ஏறாது. ஆயிரம் பில்லில் அறுநூறு மட்டும் ஏறிய டேட்டாபேஸ், காலியாக இருப்பதைவிட மோசம்; பார்க்கிறவர் அதை நம்பிவிடுவார்.

பலர் மறப்பது அழித்த பில்லை. டேலியில் நீக்கிய பில், அடுத்த கோப்பில் வராது. வராததை எந்தப் புரோகிராமும் தானாகப் பார்க்காது. அதனால் கோப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறித்துக்கொண்டு, அந்த நாட்களுக்குள் நம்மிடம் இருந்து கோப்பில் இல்லாத பில்களைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அழித்த பில்லுக்கும் பாக்கி கேட்டுப் போன் போகும்.

முதலாளி கையில் கொடுக்கும் முன் ஒரே கோப்பை அடுத்தடுத்து இரண்டு தடவை ஏற்றிப் பாருங்கள். மொத்த விற்பனை மாறாமல் இருந்து, டேலியின் கணக்கோடும் ஒத்துப்போனால், தாராளமாகக் கொடுக்கலாம்.