குளிர்சாதனமும் காரின் சூடும்

என் தங்கையின் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. நானும் உடன் சென்றேன். தாப்பாவில் இருந்து மலைச்சாலையில் ஏறினோம். வெயில் கொளுத்தியதால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தைப் போட்டோம். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. முன்மூடியின் ஓரங்களில் ஆவி கிளம்பியது.

“உள்ளே இவ்வளவு குளிராக இருக்கிறதே மாமா, வெளியே ஏன் கொதிக்கிறது?” என்று தங்கையின் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அப்போது அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. “மச்சான், தண்ணி ஊத்திப் பார்ப்போமா?” என்று அவள் தகப்பனார் கேட்டார். “ஊற்றுங்கள் மாப்பிள்ளை” என்று நானும் சொல்லிவிட்டேன். வகுப்பிலே அறிவியல் பாடம் நடத்துகிற நான் சொன்ன சொல் அது. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம்.

காரின் எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அதனால் உண்டாகும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றது வெப்பமாகிவிடுகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகிறது. மறுபகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு முன்னால் உள்ள ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டுச் சூடு தணிந்ததும் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. நல்ல நிலையில் உள்ள காரில் இந்தத் தண்ணீர் சுமார் 90 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும்.

இப்போது குளிர்சாதனத்தைப் போடுகிறோம். என்ன நடக்கிறது?

முதலாவது, எஞ்சினுக்குப் பாரம் கூடுகிறது. குளிர்சாதனத்தின் கம்ப்ரெசரை எஞ்சின்தான் ஒரு பெல்ட்டின் மூலம் சுழற்ற வேண்டும். அதற்குச் சில குதிரைச் சக்தி செலவாகும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறியவர்களுக்கு இது விளங்கும். வெறுங்கையோடு ஏறும்போது வராத வியர்வை, வாளியோடு ஏறும்போது வந்துவிடும்.

இரண்டாவது, குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். வீட்டில் குளிர்பெட்டியின் பின்புறத்தையோ பக்கத்தையோ தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். காரில் அந்தச் சூடு வெளியேறும் இடம் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருக்கிறது. ஆகவே ரேடியேட்டருக்கு வரும் காற்று முன்னதாகவே சூடேறி வருகிறது. விசிறிக்கும் உங்களுக்கும் நடுவில் எரியும் அடுப்பு ஒன்று இருந்தால் உங்கள்மேல் எப்படிப்பட்ட காற்று வீசும்? அந்த நிலைதான் ரேடியேட்டருக்கும்.

மூன்றாவது, மலைச்சாலையிலும் நெரிசலிலும் கார் மெதுவாகப் போகிறது. எதிர்க்காற்று குறைவு. அப்போது ரேடியேட்டர் விசிறி ஒன்றையே நம்பியிருக்க வேண்டும்.

இதைக் கேட்டுக் குளிர்சாதனமே கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். 1940-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் முதன்முதலாகக் குளிர்சாதனம் பொருத்தித் தந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இந்தப் பாரத்தையும் தாங்கும்படியாகத்தான் கார்களைச் செய்கிறார்கள். குளிர்சாதனத்தைப் போட்டதும் ஒரு கார் கொதிக்கிறது என்றால், அதில் ஏற்கெனவே ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று பொருள். தண்ணீர் குறைந்திருக்கலாம். விசிறி சுழலாமல் இருக்கலாம். ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கலாம். நம் தோட்டச் சாலைகளின் செம்மண் தூசியும், பூச்சிகளும், சருகும் முன்பக்கத் தகடுகளில் படிந்து காற்றை மறித்திருக்கலாம். தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு திறக்காமல் இருக்கலாம். எங்கள் காரில் விசிறியும் சுழலவில்லை, தண்ணீரும் குறைவு என்பதைப் பட்டறையில்தான் தெரிந்துகொண்டோம்.

சரி, அன்று என்ன ஆயிற்று? மாப்பிள்ளை ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மூடி பறந்தது. கொதிநீர் ஆளுயரம் பீறிட்டு அவர் முன்கையில் கொட்டியது. குலை வெட்டும் கை அது. ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியவில்லை. தழும்பு இன்றும் இருக்கிறது.

தாய்மார்களே, பிரஷர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியதும் மூடியைத் திறப்பீர்களா? ஆவி அடங்கும் வரை காத்திருப்பீர்கள் அல்லவா? ரேடியேட்டரும் அப்படித்தான். மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் சுமார் 120 பாகை வரை தாங்குகிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அவ்வளவு சூடான தண்ணீர் ஒரே வீச்சில் ஆவியாகிச் சீறும்.

ஆகவே இவற்றை மனத்தில் கொள்ளுங்கள். முள் ஏறத் தொடங்கியதும் முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். சில கார்களில் முள் இராது. சிவப்பு விளக்கு எரியும். பல புதிய கார்களில் சூடு மிகுந்தால் குளிர்சாதனம் தானாகவே நின்றுவிடும். மலையில் குளிர் திடீரென்று நின்றால் அதையும் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளைச் சாலையை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். அரைமணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டரின் மேற்குழாய் கைக்குச் சூடில்லாமல் ஆறிய பிறகே மூடியைத் தொடலாம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். இரும்பு விரிசல் விடும். அந்தச் செலவு சில வேளைகளில் பழைய காரின் விலைக்கே வந்துவிடும்.

யாருக்காவது கொதிநீர் பட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் தடவ வேண்டாம்.

இன்னொன்று. குளிர்சாதனம் ஓடும்போது காரின் அடியில் தெளிந்த நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். அது காற்றின் ஈரம்தான். பச்சையாகவோ சிவப்பாகவோ, பிசுபிசுப்பாகச் சொட்டினால் அது ரேடியேட்டர் நீர். உடனே பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நீண்ட பயணத்துக்கு முன், விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் அளவைப் பாருங்கள். குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு முன்னால் விசிறி சுழல்கிறதா என்று கவனியுங்கள். ஐந்து நிமிட வேலை. அன்று நாங்கள் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடவில்லை.

தங்கை மகளுக்கு அவள் கேள்வியின் பதிலைப் பிறகு மருத்துவமனை வாசலில் உட்கார்ந்துதான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது உங்களுக்கு முன்பே தெரியும்தானே மாமா?” என்றாள். தெரியும். தெரிந்திருந்தும் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கு வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரட்டும் என்றுதான் இன்று இதைப் பேசினேன்.